மலையைக் கணக்கிட்ட கூடமும் ஏழு கூழாங்கற்களும்

வாருங்கள் கண்மணிகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குளிர் உள்ளே வராமல் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். பூட்டிய கூடத்துக்குள் யாரும் கால் வைக்காமலே ஒரு மலையின் கணக்கை மூன்று தடவை நிறுத்தியது யார் என்று சொல்லப்போகிறேன். தடயம் எதையும் ஒளிக்க மாட்டேன். எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரும் நிதானமாகக் கேட்கட்டும்.

நரின் ஆற்றங்கரை நகரத்தில் எசென்குல் என்று ஒருவர். வானிலை நிலையங்களில் இருக்கும் வெப்பமானியும் மழைமானியும் உண்மை சொல்கின்றனவா என்று மலை மலையாக ஏறிச் சோதிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்தார். ஒரு கணவாயில் குளிர்காலம் முழுக்க வசந்தம் போலச் சூடு பதிவாகிறது என்று தலைநகரமே கலங்கியபோது, அங்கே போய் உட்கார்ந்து, பனிக்கு ஒதுங்கிய யாக் மாடு ஒன்று தினமும் வெப்பமானிப் பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தூங்குவதைக் கண்டுபிடித்தவர் அவர். அதன் பிறகு எந்தக் கருவி எங்கே முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவர் வண்டியை ஓட்டுபவள் புருல். நாற்பது வயது, இரும்புக் கை, அவசர புத்தி. எசென்குல் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் மூன்று குற்றவாளிகளைப் பிடித்துவிடுவாள். அதில் ஒருவர்கூட இதுவரை உண்மையான குற்றவாளியாக இருந்ததில்லை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை.

மார்ச் பதினாறாம் தேதி காலையில் பெகிமாய் வந்தாள். பனியாறுகளை ஆராய்கிற பெண், முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். கொடுத்த தேநீரைக் கையில் பிடித்தபடியே ஆறவிட்டாள்.

அக்-பெலேஸ் என்னும் மலையூருக்கு மேலே, பனியாறு உருகிச் சேர்ந்த ஏரி ஒன்று வருஷா வருஷம் பெரிதாகிறது. அதைத் தாங்கி நிற்பது பாறையல்ல, வெறும் கல்லும் மண்ணும் கலந்த மேடு. இந்தக் கோடையில் அந்த மேடு தாங்குமா என்று தெரிய வேண்டும். அதற்காக, வரப்போகும் கோடையை முன்னூறு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்கிறாள் பெகிமாய். ஒன்றில் பனி அதிகம், ஒன்றில் வெயில் அதிகம், ஒன்றில் மழை முந்துகிறது, இப்படி முன்னூறு. இவ்வளவு பெரிய கணக்கைப் போட எந்த ஒரு நாட்டிடமும் தனியாக இயந்திரம் இல்லை. ஐந்து நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து இந்த நகரத்தில் ஒரு கணினிக்கூடம் வைத்திருக்கிறார்கள். வரிசையில் பெயர் கொடுத்து, முறை வரும்போது அவரவர் கணக்கை ஓட்டிக்கொள்வார்கள். ஓடும் கணக்கு பாதியில் நின்றால் முறை போய்விடும், வரிசையில் அடுத்தவர் ஏறிவிடுவார்.

பெகிமாயின் கணக்கு பதினொன்றாம் தேதி நின்றது. மறுபடி ஏற்றினாள், பதினாலாம் தேதி நின்றது. இரண்டு தடவையும் மதியத்துக்குச் சற்று முன்னால், கடைசி மூன்று அலமாரிகளில் இருந்த கணினிகள் மட்டும் சூடேறித் தங்களைத் தாங்களே அணைத்துக்கொண்டன. குளிரூட்டியில் குறையில்லை. பதினைந்தாம் தேதி தலைநகரத்திலிருந்து ஆள் வந்து நாள் முழுக்கச் சோதித்தார், அன்று ஒன்றுமே நடக்கவில்லை. கூடத்தின் கதவு அடையாள அட்டை இல்லாமல் திறக்காது. கணக்கு நின்ற இரண்டு நாளும் உள்ளே இருந்தவர் பொறுப்பாளர் உலார்பெக் ஒருவர்தான். அவரோ நாற்காலியை விட்டு எழவேயில்லை என்று காமிரா காட்டுகிறது.

இருபதாம் தேதி நண்பகல் ஆணையம் கூடுகிறது. கணக்கு கைக்கு வந்தால், ஏரிக்கு வடிகால் வெட்டி, பனி உருகுமுன் ஊரை மேலே அனுப்புவார்கள். வராவிட்டால் அடுத்த கூட்டம் ஜூலையில்.

"ஜூலை வரைக்கும் அந்த ஏரி காத்திருக்காது அண்ணே," என்றாள் பெகிமாய். "நாப்பத்தொரு வீடு. அதுல ஒண்ணு எங்க அம்மாவோடது."

எசென்குல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கணக்கு நின்றபோது வரிசையில் அடுத்து இருந்தது யார்? இரண்டு தடவையும் ஒரே ஆள்தான் என்றாள் பெகிமாய். கீழ்நாட்டுச் சமவெளியில் வயல்களுக்கு நீர்ப்பங்கீடு கணக்கிடும் ஹம்தம். பத்து நாளாகக் கூடத்தின் விருந்தினர் அறையில்தான் தங்கியிருக்கிறார்.

புருல் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை வீசினாள். "அப்புறம் என்ன? அவனேதான். வண்டிய எடுக்கவா?"

"நாளைக்கு எடு," என்றார் எசென்குல். "ஆனா ஆளப் பிடிக்க இல்ல. பாக்க."

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பெகிமாயோடு கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கம்பளிக் காலணி மாட்ட வேண்டும். தேநீர் அறையில் துப்புரவு வேலை பார்க்கும் உர்க்குயா, ஐம்பத்தைந்து வயசுக்காரி, பால் கலந்த தேநீரும் பொரித்த மாவுருண்டையும் வைத்தாள். அன்பான முகம், ஆனால் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள், ஏதோ வேலை அவளை இழுப்பது போல. சன்னல் விளிம்பில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஏழு கறுப்புக் கூழாங்கற்களைக் கழுவிக் காயவைத்திருந்தது. சுவரில் துப்புரவுப் பெண்கள் மூவரின் முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது. எசென்குல் தேநீரோடு சேர்த்து அந்தப் பட்டியலையும் நிதானமாகப் படித்தார். புருல் மாவுருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உலார்பெக் கூடத்தைத் திறந்தார்.

புருல் வாசலிலேயே நின்று காதைக் கொடுத்தாள். உறைந்த ஆற்றின் அடியில் தண்ணீர் ஓடும்போது பனிமேல் காதை வைத்தால் கேட்குமே, அந்தச் சத்தம். ஆளுயரக் கறுப்பு அலமாரிகள் இரண்டு பக்கமும் அணிவகுத்து நின்றன. ஆயிரக்கணக்கான சின்ன விளக்குகள் கண் சிமிட்டின. உலார்பெக்கின் மேசைத் திரையில் அந்த ஏரி தெரிந்தது. நீலமாக வீங்கியது, வடிந்தது, மறுபடி வீங்கியது. ஒவ்வொரு வீக்கமும் ஒரு கோடை. ஒரு கோடை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இன்னும் பொறக்காத வெயில் அது," என்று பெகிமாய் மெதுவாகச் சொன்னாள். "இன்னும் பெய்யாத மழை."

எசென்குல் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் தொப்பி கழற்றி புருல் பார்த்தது அதற்கு முன் இரண்டே தடவை, இரண்டும் இறுதிச் சடங்கில்.

கடைசி அலமாரிகளுக்குப் பின்னால், சுவரின் அடிப்பக்கம், கணினிகள் கக்கும் சூட்டுக்காற்று வெளியேற அகலமான கம்பி வலை ஒன்று இருந்தது. எசென்குல் தொப்பியிலிருந்து ஒரு கம்பளி இழையைப் பிய்த்து வலைக்கு எதிரே கட்டித் தொங்கவிட்டார். காற்றின் இழுப்பில் இழை சுவரை நோக்கி நீண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்து, வரிசைப் பதிவேட்டைக் கேட்டார்.

உலார்பெக் திரையில் காட்டினார். பதினொன்றாம் தேதி, பெகிமாயின் கணக்கு நின்ற கையோடு ஹம்தமின் கணக்கு ஏறியிருந்தது. பதினாலாம் தேதியும் அப்படியே. புருல் எசென்குலின் முழங்கையை இடித்தாள். அவரோ ஹம்தமின் பெயருக்கு எதிரே இருந்த நேரத்தை விரலால் தொட்டார். ஹம்தமின் கணக்கு ஓடியது முதல் தடவை நான்கு நிமிஷம், இரண்டாம் தடவையும் நான்கு நிமிஷம். அதன் பின் அவரே அதை எடுத்துவிட்டிருந்தார், உடனே பெகிமாய் மறுபடி ஏறியிருந்தாள்.

"நாலு நிமிஷத்துல என்ன திருடியிருப்பான்?" என்று புருல் முணுமுணுத்தாள்.

பதினொரு மணிக்கு எசென்குல் அலமாரிகளுக்குப் பின்னால் மறுபடி போனார். புருலும் பின்னாலேயே போனாள். கம்பளி இழை உயிரில்லாமல் தொங்கியது. அந்தப் பக்கம் யாரும் வரவில்லை, யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் காற்று நின்றிருந்தது. சூடு முகத்தில் அடித்தது.

பதினொன்று இருபதுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. கடைசி அலமாரிகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரையில் ஏரி பாதி வீங்கியபடி அப்படியே உறைந்துபோனது. பெகிமாய் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். விரல் விட்டு மணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் கணக்கைச் சேமித்து வைப்பார்களாம். இன்று காலை சேமித்த இடத்திலிருந்து தொடர்ந்தால் இன்னும் அறுபத்தொன்பது மணி நேரம் வேண்டும். இருபதாம் தேதி நண்பகலுக்கு எழுபத்திரண்டு மணிதான் பாக்கி. முறை கையை விட்டுப் போனால் எல்லாம் போயிற்று.

எசென்குல் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்தினார்.

"புருல், என்ன வாசம் அடிக்குது?"

அவளும் முகர்ந்தாள். "மழ பேஞ்ச வயக்காட்டு வாசம்ணே." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வெளியே தரை இன்னும் கல்லாக உறைந்து கிடக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எசென்குல் கேட்டார். வாளியும் துடைப்பமும் வைக்கிற அறை என்றார் உலார்பெக். வெளி நடையிலிருந்துதான் அதற்கு வழி, சாவி துப்புரவுப் பெண்களிடம் இருக்கும். எசென்குல் அங்கே போகவில்லை. எல்லாரையும் தேநீர் அறைக்கு வரச் சொன்னார். ஹம்தமும் இறங்கி வந்தார், குண்டான, கூச்ச சுபாவக்காரர், கையில் ஊரிலிருந்து வந்த தந்தூர் ரொட்டி. உர்க்குயா கதவோரம் நின்றாள்.

"முதல்ல ஹம்தம் தம்பி," என்றார் எசென்குல். "ரெண்டு தடவையும் நீங்க ஏத்துனது கணக்கே இல்ல, வெறும் கூடு. சரியா?"

ஹம்தமின் காது சிவந்தது. புருல் முன்னால் நகர்ந்தாள், ஓடினால் பிடிப்பதற்கு.

"எங்க ஊர்ல ரொட்டி அடுப்பு வரிசையில பக்கத்து வீட்டுக்காரன் அவசரமாப் போனா, அவன் எடத்துல ஒரு கல்ல வெச்சுப் பாத்துக்குவோம்," என்றார் அவர். "அக்கா கணக்கு நின்னதும் எனக்குப் பின்னால இருக்கறவங்க ஏறிட்டா, அஞ்சு நாளைக்கு எறங்க மாட்டாங்க. அதான் நான் ஒரு கல்லு வெச்சேன். அவங்க தயாரானதும் எடுத்துட்டேன். சொன்னா நன்றி சொல்லுவாங்க. அது எனக்குக் கூச்சமா இருக்கும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் வெச்சிருக்கேன். அந்த ஏரித் தண்ணிதான் எங்க வாய்க்காலுக்கு வருது. அது வர்றதுக்கு முன்னால சேதி வரட்டும்."

பெகிமாய் அவரைப் பார்த்த பார்வையில் புருல் தன் முதல் குற்றவாளியை விடுதலை செய்தாள்.

எசென்குல் தொடர்ந்தார். பதினொன்று, பதினாலு, பதினேழு. மூன்று நாளைக்கு ஒரு தடவை. உலார்பெக் தினமும் வருகிறார், ஹம்தம் இங்கேயே இருக்கிறார், குளிரூட்டி தினமும் ஓடுகிறது. தலைநகரத்து ஆள் பதினைந்தாம் தேதி வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அப்படியானால் மூன்று நாளைக்கு ஒரு தடவை இங்கே வருவது யார்? அவர் சுவரில் இருந்த பட்டியலைக் காட்டினார்.

"ரெண்டாவது விஷயம், சூடு. சூடு கூடணும்னா குளிர நிறுத்தணும்னு எல்லாரும் குளிரூட்டியையே நோண்டுனீங்க. அடுப்புப் புகைபோக்கிய அடைச்சா வீட்டுக்குள்ளதானே புகை திரும்பும்? உள்ள வர்ற குளுமைல கொறையில்ல. வெளிய போற சூட்டுக்கு வழியில்ல. என் கம்பளி இழை பத்து மணிக்கு நீண்டு நின்னுச்சு, பதினொண்ணுக்குத் தொங்கிருச்சு. கூடத்துக்குள்ள யாரும் வரல. வர வேண்டியதும் இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னே மூடலாம்."

உலார்பெக் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக இந்தக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார், அந்தச் சூடு எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மூணாவது, உறைபனி மாசத்துல வயக்காட்டு வாசம். நாலாவது, அந்த ஏழு கல்லு. நாலு நாள்ல நோருஸ் புத்தாண்டுப் பண்டிகை வருது."

அப்போதுதான் புருலுக்கு எல்லாம் சேர்ந்து வந்து விழுந்தது. அவள் அம்மாவும்தான் வருஷம் தவறாமல் கற்களைக் கழுவிக் காயவைப்பாள். முளைகட்டிய கோதுமையை அண்டாவில் மணிக்கணக்காகக் கிண்டிச் செய்கிற இனிப்புக் கஞ்சி, சுமோலோக். அடி பிடிக்காமலிருக்க ஏழு கல் போடுவார்கள். யார் கிண்ணத்தில் கல் வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும். காலை முழுக்க அந்தக் கற்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவுருண்டை தின்றோமே என்று புருல் தன்னையே நொந்துகொண்டாள்.

யாரும் உர்க்குயாவைப் பார்க்கவில்லை. அவளாகவே இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பின்னாலேயே நடந்தார்கள். அறைக் கதவு திறந்தது.

கம்பி வலையின்மேல், வாளிகளைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்து, இரண்டு பெரிய தட்டுகளைச் சாய்த்து வைத்திருந்தது. மேலே கனமான ஈரத்துணி. உர்க்குயா துணியை விலக்கினாள். வெள்ளை வேர்கள் பின்னிப் பின்னிப் பாயாகக் கிடந்தன. அதன்மேல் ஊசி ஊசியாகக் கோதுமை முளை. அந்தச் சிமெண்டு அறையில் ஒரு வயலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவள் சொன்னதை இப்படிச் சுருக்கிச் சொல்லலாம். முளைக்குத் தண்ணீர் முதலில் தெளித்த கைதான் கடைசிவரை தெளிக்க வேண்டும், வேற்றுக் கண் பட்டால் கஞ்சி கசந்துவிடும், அது அவள் வீட்டு வழக்கம். அதனால் வேலை நாளிலும் யாரிடமும் விட்டுவராமல், வாளிக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். கட்டடத்திலேயே கதகதப்பான இடம் அந்த வலை. காலை வேலையை முடித்துப் பத்தரைக்கு வைப்பாள், மணியடித்துக் கூட்டம் கூடினால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உடனே எடுத்து ஒளிப்பாள். இன்று எடுப்பதற்குள் தேநீர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தன்னால்தான் மணி அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"இது அக்-பெலேஸ் கோதுமைங்க," என்றாள். "என் தங்கச்சி அங்கதான் இருக்கா. அந்த ஏரி எறங்கிரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் மொளை கட்டுனேன்."

ஏரியைத் தடுக்க அவள் வைத்த தட்டே ஏரியைக் காவல் காத்த கண்ணை மூடியிருக்கிறது. அங்கிருந்த யாருக்கும் கோபம் வரவில்லை. பெகிமாய்தான் போய் அவள் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சி வீட்டுக்கு எதிர் வீடுதான் அக்கா எங்க வீடு. பச்சக் கதவு."

"இத்தன கண்ணு பட்டுருச்சேம்மா. இனி கசக்கும்."

"கசந்தாலும் சேந்தே குடிப்போம்," என்றாள் பெகிமாய்.

எசென்குல் தட்டுகளைத் தூக்கி, வலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு முக்காலியில் வைத்தார். அங்கேயும் தட்டுகளுக்குச் சூடு எட்டியது, காற்றுக்கும் வழி கிடைத்தது. கூடத்துக்கு ஓடிப்போன புருல் சுவருக்கு அப்பாலிருந்து கத்தினாள், இழை நீண்டுவிட்டது என்று. ஹம்தம் மேசைக்கு ஓடிப் போய்த் தன் கல்லை எடுத்தார். பன்னிரண்டரைக்கு ஏரி மறுபடி அசைந்தது.

இருபதாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு முன்னூறாவது கோடை முடிந்தது. முன்னூற்றில் இருநூற்று எழுபத்தொரு கோடைகளில் அந்த மேடு உடைந்தது, பெரும்பாலும் ஜூன் மூன்றாம் வாரத்தில். ஆணையத்தில் பெகிமாய் அந்தப் படத்தை ஓட்டிக் காட்டினாள். கணக்கில்லாமல் ஒருவரையும் கிளப்ப முடியாது என்று அதுவரை சொல்லிவந்த தலைவர், எப்போது கிளப்பலாம் என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் நோருஸ். கூடத்தின் முற்றத்தில் அண்டா. உர்க்குயா முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"இனிக்குது," என்றாள், நம்ப முடியாதவள் போல.

பெகிமாயின் கிண்ணத்தில் ஒரு கல் வந்தது. என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் அந்தக் கல்லை உலார்பெக்கின் மேசையில் வைத்தாள். அடுத்தவருக்காக வரிசையில் இடம் பிடிக்கிறவர் இனி அதைத் திரைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஹம்தமுக்கு அதிலும் கூச்சம்தான்.

அக்-பெலேஸ் மக்கள் வழக்கத்தைவிட ஒரு மாதம் முன்னதாக, ஆடுமாடு, கூடார மரம், தொட்டில் எல்லாவற்றோடும் மேய்ச்சல் மேட்டுக்கு ஏறினார்கள். வடிகாலும் பாதிக்குமேல் வெட்டியாகிவிட்டது. ஜூன் பத்தொன்பது, பகல் இரண்டு மணி. மழைமானி பார்க்க வந்த எசென்குலும் புருலும் அந்த மேட்டில் நின்றிருந்தார்கள், ஊர்க்காரர்களோடு. முதலில் பறவைகள் எழும்பின. பிறகு மலை இருமியது. பழுப்புத் தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கி, பதினேழு வீடுகளை, பச்சைக் கதவு வீட்டையும் சேர்த்து, துடைத்துக்கொண்டு போனது. மீதி வடிகால் வழியே ஒதுங்கி ஓடியது. ஓர் உயிரும் போகவில்லை. பெகிமாயின் அம்மா தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்தபடி, பேரக்குழந்தையின் கையை இறுகப் பிடித்து நின்றாள்.

புருல் தொப்பியைக் கழற்றியிருந்தாள். எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இத அந்தக் கூடம் அன்னிக்கே பாத்துருச்சுல்லண்ணே," என்றாள். "இருநூத்தி எழுபத்தொரு தடவ."

எசென்குல் தலையாட்டினார். அவர் தொப்பியும் கையில்தான் இருந்தது.

இவ்வளவுதான் கண்மணிகளே. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், அதன் புகைக்கு எப்போதும் வழி இருக்கட்டும். நீங்கள் நகர நேர்ந்தால் உங்கள் இடத்தைக் காக்க ஒரு நல்ல கை கல் வைக்கட்டும். உங்கள் வாசலுக்குத் தண்ணீர் வந்தால் வாய்க்கால் வழியாகவே வரட்டும். உங்கள் கஞ்சி, எத்தனை கண் பட்டாலும், இனிக்கட்டும்.